கழுவுவதற்கு முன்

கனரக இயந்திரத்தின் டீசல் எஞ்சினை முதன்முதலாக முழுசாகப் பிரித்துக் கட்டப்போகிறவர்கள் பயப்படுவதெல்லாம் மாட்டும் வேலையைப் பற்றித்தான். டைமிங் மார்க் சரியாகச் சேருமா, ரிங்குகளின் வாய் ஒன்றுக்கு நேராக ஒன்று நின்றுவிடுமா, ஹெட் போல்ட்டை எந்த வரிசையில் முறுக்குவது, கடைசியில் கையில் நாலு போல்ட் மிஞ்சிவிடுமா என்றெல்லாம் மனசு அடித்துக்கொள்ளும். பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் மேனுவலில் பதில் அச்சாகி இருக்கிறது; பக்கத்தைத் திருப்பி, படத்தைப் பார்த்து, நிதானமாகச் செய்தால் தப்பு வராது. மேனுவலில் பதில் இல்லாத கேள்வி வேறு: இந்த எஞ்சின் ஏன் தேய்ந்தது? அதற்கான பதில் அந்த எஞ்சினுக்குள்ளேதான் இருக்கிறது. கழற்றும்போது மட்டும்தான் அது கண்ணில் படும். டீசல் ஊற்றி பிரஷ்ஷால் தேய்த்த மறு நிமிஷம் அதில் பாதி போய்விடும். எஞ்சின் வேலையில் பெரும்பங்கு கழற்றுவதிலும் அளப்பதிலும் இருக்கிறது, மாட்டுவது அதற்குப் பிறகு வருகிற மிச்ச வேலை என்பது என் கட்சி. முதல் எஞ்சினிலேயே இதைப் பழகிக்கொள்ளாதவர்கள் பிறகு பழகிக்கொள்வது கஷ்டம். வேகம் வந்துவிட்ட கை நின்று பார்க்க மறுக்கும்.

நம் ஊரில் நிறையப் புழங்கும் எஞ்சினாக எடுத்துக்கொள்வோம். 20 டன் வகைப் பொக்லைன்கள் பலவற்றில் கம்மின்ஸ் பி வரிசை எஞ்சின் இருக்கிறது. ஆறு சிலிண்டர், 5.9 லிட்டர், போர் 102 மி.மீ., ஸ்ட்ரோக் 120 மி.மீ. ஸ்லீவ் கிடையாது, பிஸ்டன் நேரே பிளாக்கில் ஓடுகிறது. நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருதரம் தன் கொள்ளளவுக்குக் காற்றை இழுக்கும். நிமிஷத்துக்கு 2000 சுற்று ஓடினால் அது சுமார் 5,900 லிட்டர் காற்று. பத்து மணி நேர ஷிஃப்டில், டர்போ கூடுதலாக அழுத்தித் தள்ளுவதைச் சேர்க்காமலே, 3,500 கன மீட்டருக்கு மேல் போகிறது. கரூர்ப் பக்கத்துக் கிரஷரிலோ கல்குவாரியிலோ அந்தக் காற்று எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கருங்கல் தூசியில் இருக்கும் குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவில் 7. பிளாக்கின் வார்ப்பிரும்பு அதற்குக் கீழே. ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் உள்ள ரப்பர் குழாயில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு இருந்தால் போதும், ஃபில்டர் எவ்வளவு புதிதாக இருந்தாலும் பயனில்லை. அந்த எஞ்சினைப் பிரித்து, போர் அடித்து, புது பிஸ்டன், புது ரிங், புது பேரிங் எல்லாம் போட்டுக் கட்டி, அதே குழாயை அதே கிளாம்பில் மாட்டி அனுப்பினால், புது ரிங்கும் பழைய ரிங் போன வழியில்தான் போகும். கிணற்றில் தண்ணீர் வற்றியதைப் பார்க்காமல் மோட்டாரை மாற்றுகிற வேலை அது.

பிரிப்பதற்கும் முன்னால் ஒரு கேள்வி உண்டு, பிரிக்கத்தான் வேண்டுமா என்று. கறுப்புப் புகை வருகிறது என்பதற்காக எஞ்சினை இறக்கக் கூடாது. அது காற்றுக் குறைவு அல்லது டீசல் அதிகம் என்பதன் அடையாளம். அடைத்த ஃபில்டர், கெட்ட நாசில், காற்று கசியும் இண்டர்கூலர் குழாய் இவற்றில் ஒன்றாக இருக்கும். நீலப் புகையாக இருந்தாலும் அவசரப்படக் கூடாது, டர்போவின் சீல் போயும் ஆயில் எரியும். டர்போவிலிருந்து மேனிஃபோல்டுக்குப் போகும் குழாயைக் கழற்றி உள்ளே ஆயில் தேங்கியிருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். பிரீதரில் புகை தள்ளுவது, சூடான எஞ்சினில் ஆயில் பிரஷர் விழுவது, கம்ப்ரஷன் குறைவது, இவை சேர்ந்து வந்தால்தான் இறக்க வேண்டிய எஞ்சின். முடிந்தால் வடிக்கும் ஆயிலில் கொஞ்சம் எடுத்து லேபுக்கு அனுப்பலாம். சிலிக்கான் ஏறியிருந்தால் மண் உள்ளே போகிறது. செம்பும் ஈயமும் ஏறியிருந்தால் பேரிங் கரைகிறது. சோடியம் தெரிந்தால் கூலண்ட் கலந்திருக்க வாய்ப்பு அதிகம்.

பிரிக்கத் தொடங்கினால் முதலில் ஏர் ஃபில்டரிலிருந்து டர்போ வரைக்கும் உள்ள பாதையைத்தான் பார்க்க வேண்டும். எஞ்சினைத் தொடுவது அதற்குப் பிறகு. குழாயின் உட்புறத்தில் வெள்ளைத் துணியைச் சுற்றி இழுத்தால் சுத்தமாகவே வர வேண்டும். சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி ஒட்டினால் வழக்கில் பாதி முடிந்தது. டர்போவின் காற்றுப் பக்கத்துச் சக்கரத்தில் இதழ்களின் விளிம்பு மழுங்கித் தேய்ந்திருந்தால் மீதிப் பாதியும் முடிந்தது. அப்புறம் ரிங்குகளைப் பார்க்கலாம். மேல் ரிங் அதிகமாகவும் கீழே ஆயில் ரிங் குறைவாகவும் தேய்ந்திருந்தால் தூசி காற்றோடு மேலிருந்து வந்திருக்கிறது. ஆயில் ரிங்கின் விளிம்புகள் அதிகம் தேய்ந்து, பேரிங்குகளிலும் கீறல் இருந்தால் அழுக்கு ஆயிலில் இருந்திருக்கிறது: ஆயில் ஊற்றிய கேனோ, டிப் ஸ்டிக்கின் வாயோ, மாற்றாமல் விட்ட ஃபில்டரோ. இரண்டும் ஒரே மாதிரிதான் புகை தள்ளும், ஓனர் சொல்லும் புகாரும் ஒன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஒன்றுக்கு மருந்து காற்றுக் குழாய், இன்னொன்றுக்கு மருந்து ஆயில் ஊற்றுகிற பழக்கம். ரிங்குகளைக் கழற்றி ஒரே டப்பாவில் போட்டுவிட்டால் இந்த வித்தியாசம் காணாமல் போய்விடும்.

பேரிங் ஷெல்லை நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். மூன்றடுக்குப் பேரிங் என்றால் இரும்புத் தகட்டின் மேல் செம்பு-ஈயக் கலவை, அதற்கு மேல் மெல்லிய வெள்ளைப் பூச்சு. அந்தப் பூச்சின் கனம் மி.மீ.யில் நூறில் இரண்டு மூன்று பங்குதான். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் நல்ல ஷெல் மங்கிய சாம்பல் நிறத்தில் சீராகத் தெரியும். நடுவில் செம்பு நிறம் பட்டையாக எட்டிப் பார்த்தால் பூச்சு போய்விட்டது. கனெக்டிங் ராடில் மேல் ஷெல், மெயினில் கீழ் ஷெல்: வெடிப்பின் அடி இந்த இரண்டில்தான் விழுகிறது, அதனால் அங்கே தேய்மானம் அதிகம் இருப்பது இயல்பு. அப்படி இல்லாமல் மேல் ஷெல்லின் ஒரு ஓரமும் கீழ் ஷெல்லின் எதிர் ஓரமும் தேய்ந்திருந்தால் ராடு வளைந்திருக்கிறது. அந்த ராடைச் சோதிக்காமல் புது ஷெல் போட்டுப் பயனில்லை. சில ஷெல்களில் சுற்றும் திசையில் நீளக் கீறல் ஓடி, அதன் முனையில் கறுப்பாக ஒரு புள்ளி உட்கார்ந்திருக்கும். ஊசி முனையால் கிண்டினால் மணல் மாதிரி ஒரு துகள் வரும். கீறல் போட்ட துகளே அங்கே புதைந்து கிடக்கிறது. ஷெல் முழுக்க வழித்தெடுத்தது போலக் கறுத்திருந்தால் ஆயில் வந்து சேரவில்லை. ஆயில் பம்ப், பிக்கப் குழாய், அதன் ஜல்லடை எல்லாம் கைக்கு வர வேண்டும். ஆயில் மெலிந்து, டீசல் வாடை அடித்தால் நாசில் ஒழுகி டீசல் சம்ப்பில் இறங்கியிருக்கிறது. எத்தனையாவது ஜர்னல், மேலா கீழா என்று ஷெல்லின் முதுகில் மார்க்கர் பேனாவால் எழுதி வைத்தால்தான் இத்தனையும் பயன்படும். பெயரில்லாத ஷெல் பழைய இரும்பு எடைக்குத்தான் போகும்.

அதனால்தான் எழுதி வைப்பதைப் பற்றி இவ்வளவு வற்புறுத்துகிறேன். மெயின் கேப்புகள் பிளாக்கோடு சேர்த்து ஒரே தடவையாகப் போர் அடித்தவை. எண்ணும் திசையும் மாறினால் புது கிராங்க் கூட இறுகும். ராடு கேப்பும் அப்படியே. புஷ் ராடு, டேப்பட், வால்வு இவை ஒவ்வொன்றும் தன் ஜோடியோடு சேர்ந்து தேய்ந்தவை. அட்டைப் பெட்டியின் அடியில் வரிசையாக ஓட்டை போட்டு, ஒன்று முதல் ஆறு வரை எண் எழுதி, அதில் செருகி வைப்பதற்கு மேல் நல்ல முறை இன்னும் வரவில்லை. இப்போது கையில் செல்போன் இருக்கிறது, ஒவ்வொரு பைப்பையும் வயரையும் கழற்றும் முன் படமெடுத்தால் மாட்டும்போது பாதிக் குழப்பம் தீரும். ஆனால் படத்தை நம்பி அளவை விடக் கூடாது. படத்தில் தேய்மானம் தெரியாது.

அளவு என்று வந்தால் இந்த எஞ்சினின் போர் 102 மி.மீ.யில் தொடங்கி 102.116 வரை தேயலாம். அதற்கு மேல் போனால் 0.50 அல்லது 1.00 மி.மீ. ஓவர்சைஸுக்குப் போர் அடிக்க வேண்டும், அதுவும் தாண்டினால் ஸ்லீவ். தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமனான இந்த மி.மீ.யின் பத்தில் ஒரு பங்குக்குள்தான் எஞ்சினின் முழு ஆயுளும் அடங்கியிருக்கிறது. ஒரே இடத்தில் அளந்துவிட்டு விடக் கூடாது. மேல் ரிங் திரும்பும் இடம், நடு, அடி என்று மூன்று ஆழத்தில், ஒவ்வொன்றிலும் கிராங்குக்கு நேராகவும் குறுக்காகவும் டயல் போர் கேஜை வைத்துப் பார்த்து, ஆறு சிலிண்டருக்கும் தாளில் கட்டம் போட்டு எழுத வேண்டும். கட்டத்தை நிரப்பி முடித்ததும் எண்களே பேச ஆரம்பிக்கும். ஆறும் ஒரே மாதிரி மேலே அகன்றிருந்தால் எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவான காற்று காரணம். ஒன்று மட்டும் தனியாகப் போயிருந்தால் அந்தச் சிலிண்டரின் நாசிலையோ, பிஸ்டனுக்கு அடியில் ஆயில் பீய்ச்சும் ஜெட்டையோ சந்தேகப்பட வேண்டும். கிராங்க் ஜர்னலும் இப்படித்தான்: வட்டம் கெட்டிருக்கிறதா, ஒரு பக்கம் சாய்ந்து தேய்ந்திருக்கிறதா என்று மைக்ரோமீட்டரில் பார்த்த பிறகுதான் பத்து தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து பங்கு) குறைப்பதா இருபது தவ்வா என்று பேச வேண்டும்.

இதற்கு வரும் முதல் மறுப்பு பட்டறையிலேயே வயதானவர்களிடமிருந்து வரும். கேஜ் இல்லாமல் ஆயிரம் எஞ்சின் ஓடவில்லையா, விரலை விட்டுத் தடவினால் தெரியாதா என்பார்கள். அவர்கள் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. நல்ல மெக்கானிக்கின் நகம் போரின் உச்சியில் உள்ள மேட்டை உடனே பிடிக்கும். கேப்பை இறுக்கிக் கிராங்கைக் கையால் சுற்றும்போது எந்த மெயினில் பிடிக்கிறது என்பதை எந்தக் கருவியும் அவர் கை அளவுக்குச் சொல்லாது. ஆனால் போர் மி.மீ.யில் நூறில் மூன்று பங்கு முட்டையாகிவிட்டதை யார் விரலும் சொல்லாது. ரிங் அந்த முட்டையில் ஒட்டாமல் ஆயிலை மேலே விட்டுக்கொண்டேயிருக்கும். முதல் எஞ்சினைக் கட்டுகிறவருக்கு அந்தக் கையே இன்னும் வரவில்லை என்பது அதைவிடப் பெரிய விஷயம். அவருக்கு அந்தக் கை எப்படி வரும்? விரலால் தடவி ஒரு ஊகம் சொல்லி, பிறகு கேஜில் பார்த்து, எவ்வளவு தப்பினோம் என்று தெரிந்துகொண்டால்தான் வரும். அளவு இல்லாத அனுபவம் எத்தனை வருஷம் ஆனாலும் சரிபார்க்கப்படாத ஊகமாகவே இருந்துவிடும்.

இரண்டாவது மறுப்பு ஓனருடையது, அதற்குக் கனம் அதிகம். வண்டி நின்றால் மணி வாடகை போகிறது, ஆபரேட்டருக்குச் சம்பளம் போகிறது, மாதத் தவணை நிற்காது. திருச்செங்கோட்டுப் போர்வெல் ரிக் வண்டிக்காரர்களைக் கேட்டால் சீசனில் ஒரு நாளின் விலை என்ன என்று சொல்வார்கள். இதில் நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டுக்கொண்டிருக்க நேரம் ஏது என்கிறார்கள். ஆனால் காலம் எங்கே செலவாகிறது என்று பார்க்க வேண்டும். போர் அடிக்கவும் கிராங்க் கிரைண்ட் பண்ணவும் லேத்தில் காத்திருக்கும் நாள்கள் எப்படியும் போகப்போகின்றன. ஆறு போரையும் கிராங்கையும் அளக்க அரை நாள் போதும். அளக்காமல் அவசரத்தில் ஸ்டாண்டர்டு சைஸ் செட்டை வாங்கி வந்து, போர் அந்த அளவில் இல்லை என்று தெரிந்த பிறகு திருப்பிக் கொடுத்து ஓவர்சைஸுக்கு அலைவதில்தான் நிஜமாகவே நாள் போகிறது. அதைவிட மோசம், வேலை முடிந்து ஒரு சீசன் ஓடுவதற்குள் அதே புகையோடு வண்டி திரும்புவது. அப்போது எஞ்சின் செலவும் இரண்டு, நின்ற நாளும் இரண்டு.

லேத்தில் அவர்களே அளந்துகொள்வார்களே என்றும் சொல்வதுண்டு. அளப்பார்கள், நன்றாகவே அளப்பார்கள். அங்கே போவது கழுவிய பிளாக்கும் வெறும் கிராங்கும் மட்டும்தான்; ஷெல்லின் முதுகையோ ரப்பர் குழாயின் வெடிப்பையோ லேத்காரர் பார்ப்பதில்லை, பார்க்க வேண்டியவரும் அவரில்லை. நாம் அவரிடம் கேட்க வேண்டிய இரண்டு விஷயங்கள் உண்டு. பிஸ்டனைக் கையில் கொடுத்து, அதை அளந்த பிறகே அதற்கேற்பப் போரை முடிக்கச் சொல்வது ஒன்று. கிராங்கைக் குறைக்கும்போது ஜர்னலின் ஓரத்து வளைவை அப்படியே வைக்கச் சொல்வது இன்னொன்று. அந்த மூலை கூர்மையாகிவிட்டால் கிராங்க் அங்கேதான் ஒருநாள் முறியும்.

எல்லாமே புதுசாகப் போட்டுவிடலாமே, பழசைப் படிப்பானேன் என்கிற வாதம் நம் மாநிலத்தில் இன்னும் சுலபமாக எழும், ஏனென்றால் சாமானுக்கு இங்கே பஞ்சமில்லை. சென்னை செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் 1949இல் தொடங்கியது. அது சேர்ந்த அமால்கமேஷன்ஸ் குழுமத்தின் பைமெட்டல் பேரிங்ஸ் கோவையில் ஆலை வைத்திருக்கிறது. செட் ஒரு போனில் வந்து இறங்கும். ஆனால் காரணம் செட்டுக்குள் வருவதில்லை. பேரிங் கரைந்த எஞ்சினில் அந்தத் தூள் ஆயில் கூலரின் தகடுகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும். கூலரை யாரும் செட்டோடு வாங்குவதில்லை. புது எஞ்சினில் ஆயில் சூடாகி ஓடும்போது அந்தத் தூள் இளகி முதல் வேலையாகப் புது ஷெல்லுக்குத்தான் வரும். போர்வெல் தண்ணீர் ஊற்றிப் பழகிய ரேடியேட்டரில் படிந்த உப்புப் பாறையும் அப்படியே. முழு எஞ்சினையே எக்ஸ்சேஞ்சில் வாங்கிப் பொருத்தினாலும் ரேடியேட்டர், காற்றுக் குழாய், கூலர் பைப் எல்லாம் வண்டியோடு இருக்கும் பழையவைதான். பிளாக்கில் விரிசல் விட்டாலோ கிராங்க் முறிந்துவிட்டாலோ எக்ஸ்சேஞ்ச் சரியான வழி என்பதை நான் மறுக்கவில்லை. அப்போதும் பழைய எஞ்சினைத் திருப்பிக் கொடுக்கும் முன் சம்ப்பை இறக்கி உள்ளே பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

பார்த்து, அளந்து, எழுதி முடித்த பிறகு கழுவுவது தனி வேலை. இதிலும் நம் பட்டறைகளின் வழக்கத்தோடு எனக்குச் சண்டை உண்டு. ஹோன் பண்ணிய போரை டீசலிலோ பெட்ரோலிலோ துடைப்பது கழுவியதாகாது. ஹோன் கல்லின் பொடி, அந்தக் கல் போட்ட குறுக்குக் கோடுகளுக்குள் நுழைந்து உட்கார்ந்திருக்கும். டீசல் மேலே இருக்கும் எண்ணெயை எடுத்துவிட்டுப் பொடியை அப்படியே விட்டுவிடும். வெந்நீரும் சோப்பும் கெட்டியான பிரஷ்ஷும் வேண்டும். வெள்ளைத் துணியை ஆயிலில் தொட்டுத் துடைத்தால் கறுப்பு வராத வரைக்கும் தேய்த்து, உடனே ஆயில் பூச வேண்டும். இல்லையென்றால் கண்ணெதிரேயே துரு ஏறும். ஆயில் கேலரியின் பிளக்குகளைக் கழற்றி உள்ளே பிரஷ் விட வேண்டும். ரப்பர் குழாயில் நுழைந்த தூசியைத் திட்டிவிட்டு, அதைவிட மோசமான பொடியை நாமே உள்ளே வைத்து மூடுவதில் அர்த்தமில்லை.

மாட்டும் வேலையைப் பற்றி நீட்டப்போவதில்லை, மேனுவல் இருக்கிறது. ஒன்று மட்டும். டார்க் ரெஞ்சில் காட்டும் எண் போல்ட்டின் இறுக்கமல்ல. நாம் கொடுக்கும் முறுக்கில் பத்தில் ஒன்பது பங்கு போல்ட் தலையின் அடியிலும் மரையிலும் உராய்வாகவே போய்விடுகிறது. ஒரு பங்குதான் ஹெட்டைப் பிடித்து அழுத்துகிறது. அழுக்கு மரையில் அந்த ஒரு பங்கும் குறையும். அதனால் மரையைச் சுத்தம் பண்ணுவதும், மேனுவல் சொன்ன ஆயிலைச் சொன்ன இடத்தில் தொடுவதும் ரெஞ்சைவிட முக்கியம்.

இனி எல்லாம் எலக்ட்ரானிக், இந்தப் படிப்பெல்லாம் பழங்கதை என்கிறவர்களும் உண்டு. 2021இல் சிஇவி-4 புகை மாசு விதி வந்த பிறகு பெரிய இயந்திரங்களில் காமன் ரெயில் பரவலாகிவிட்டது. ரெயிலில் அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல். அந்த நாசிலைப் பட்டறை மேசையில் பிரிக்க முடியாது, பிரிக்கவும் கூடாது. ஆனால் அதற்குள்ளும் பிஸ்டன்தான் ஓடுகிறது, கிராங்க் இன்னமும் ஆயில் படலத்தின் மேல்தான் மிதக்கிறது. தூசி விஷயத்தில் காமன் ரெயில் இன்னும் நோஞ்சான். டீசலில் வரும் துகளையும் அது தாங்காது. புதிதாகக் கிடைத்திருப்பது இன்னொரு சாட்சி: எஞ்சின் எப்போது சூடானது, ஆயில் பிரஷர் எப்போது விழுந்தது என்று எஞ்சினின் கம்ப்யூட்டரான இசிஎம் பல எஞ்சின்களில் பதிந்து வைத்திருக்கிறது. வயரைக் கழற்றும் முன் ஸ்கேனரில் அதை எடுத்துத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும், ஷெல்லின் முதுகில் எழுதுகிற அதே காரணத்துக்காக.

கட்டி முடித்த எஞ்சினை முதலில் ஆயில் பிரைம் பண்ணி, டர்போவின் ஆயில் பைப்பிலும் ஆயில் வந்ததைப் பார்த்த பிறகுதான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். ரன்னிங்-இன் என்று சொல்லி நாள் முழுக்க ஐடிலில் விட்டுவிடுவது நல்லெண்ணத்தில் செய்யும் கெடுதல். லோடு இல்லாமல் ரிங்கின் பின்னால் அழுத்தம் சேராது, ரிங் போரில் படியாமல் போர் பளபளத்துப் போய்விடும். சூடேறியதும் மிதமான லோடு கொடுத்து வேலை வாங்க வேண்டும். முதல் ஆயிலைச் சுமார் 50 மணி நேரத்தில் வடித்துவிட்டு, ஃபில்டரைத் தூக்கி எறியாமல் கட்டரால் வெட்டி, காகித மடிப்பை வெயிலில் விரித்துப் பார்க்கலாம். ஹோன் பண்ணிய போரிலிருந்து வரும் நுண்ணிய இரும்புப் பொடி கொஞ்சம் இருக்கும், காந்தத்தில் ஒட்டும், பயமில்லை. காந்தத்தில் ஒட்டாத மஞ்சள் மினுமினுப்பு தெரிந்தால் ஓனர் எவ்வளவு அவசரப்பட்டாலும் வண்டியைக் குவாரிக்கு அனுப்பாமல், அன்றைக்கே சம்ப்பை இறக்கி, நோட்டில் எழுதி வைத்த வரிசைப்படி ஒவ்வொரு கேப்பாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.